தியாகராய நகரும் ஈர்ப்பு விதியும்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரி தெரியும் சாலை என்று பொருள். அங்கே எந்த மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது; அடுத்த வீட்டு மாடிதான் தெரியும். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை, இருக்கிறது. லேக் ஏரியா என்ற பெயரில் குறுக்குத் தெருக்கள் வரிசையாக இருக்கின்றன. கரை உண்டு, ஏரிதான் இல்லை.

இந்தப் பெயர்களைப் படத்தில் புள்ளிகளாக வைத்து இணைத்தால், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த ஒரு நீர்ப்பரப்பின் உருவம் கிடைக்கும். ஆங்கிலேயர் அதனை லாங் டேங்க், நீண்ட ஏரி, என்று அழைத்தனர். வடபகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி என்று பெயர். தென்பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்று பெயர். (கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் வேறு, அது இன்றும் இருக்கிறது.) சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் இந்த ஏரியில் வெள்ளையர்கள் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920களில் சென்னை மேற்கே விரிந்தபோது, ஏரியின் தென்பகுதியை வடித்து, அந்த நிலத்தையும் அதனை அடுத்த மாம்பலத்து நிலத்தையும் சேர்த்து ஒரு புதிய குடியிருப்பை அமைத்தார்கள். அதற்குச் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரை இட்டார்கள். பனகல் அரசரின் பெயரால் ஒரு பூங்கா, அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போலப் பிரியும் சாலைகள், அவற்றின் இருபுறமும் தோட்டத்தோடு கூடிய வீடுகள் என்பதுதான் திட்டம்.

இன்று தியாகராய நகருக்கு வீடு பார்க்கப் போகிறவர்களைவிடப் புடைவை, நகை, பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் பல மடங்கு. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மாம்பலம் இரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அங்கே நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மை எடுத்துச் செல்கிறது. குடியிருப்பு என்று வரைந்த இடம் எப்படி இவ்வளவு பெரிய கடைத்தெரு ஆயிற்று? இதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லியிருக்க முடியுமா?

ஒரு நகரத்தின் எந்த நிலம் எதற்குப் பயன்படும், அதனால் யார் எங்கிருந்து எங்கே போவார்கள் என்பதைக் கணிப்பொறியில் கணக்கிடும் துறை ஒன்று உண்டு. ‘நிலப்பயன்பாட்டு மாதிரிகள்’ என்று அதனைச் சொல்லலாம். இயற்பியல் கற்பிக்கும் நான் இதில் ஏன் தலையிடுகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தத் துறையின் முதல் சமன்பாடே எங்கள் பிறந்த வீட்டிலிருந்து போனது. நியூட்டனுடைய ஈர்ப்பு விதி அது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

கணிப்பொறிக்கு முன்பே நகரத்தை அளந்து பார்த்துத் திட்டமிட வேண்டும் என்ற எண்ணம் சென்னைக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் கட்டடக்கலை பயின்றவரல்லர், உயிரியல் அறிஞர். செடியை ஆராய்பவர் அது வளரும் மண்ணையும் நீரையும் ஆராய்வதுபோல, ஊரைத் திட்டமிடுபவர் முதலில் ஊரை ஆராய வேண்டும் என்றார். நகரங்களைப் பற்றிய படங்களையும் வரைபடங்களையும் ஒரு பெரிய கண்காட்சியாகத் தொகுத்து 1914இல் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார். முதல் உலகப்போர் மூண்டிருந்த நேரம். அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்ட அதே எம்டன், அக்டோபரில் ‘கிளான் கிரான்ட்’ என்ற கப்பலை மூழ்கடித்தது. கெட்டிஸின் கண்காட்சி முழுவதும் அதில்தான் இருந்தது. நண்பர்கள் அவசரமாகச் சேகரித்து அனுப்பிய வேறொரு தொகுப்பைக் கொண்டு 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார் அந்த மனிதர்! பிறகு சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார்.

அவருக்குப் பின் லான்செஸ்டர் என்ற நகரமைப்பு நிபுணர், சென்னையின் நகரமைப்பைப் பற்றி 1918இல் ஒரு நூலே வெளியிட்டார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. தியாகராய நகர் பிறந்தது இந்தச் சூழலில்தான். காலால் நடந்து, கையால் வரைந்து செய்த திட்டம். தெருவின் அகலம், மனையின் அளவு, பூங்காவின் இடம் எல்லாம் அதில் உண்டு. நாளை அந்தத் தெருவில் எத்தனை பேர் நடப்பார்கள் என்ற கணக்கு மட்டும் இல்லை. அதைப் போடும் வழி அப்போது யாருக்கும் தெரியாது.

மயிலாப்பூரிலிருந்து ஆயிரம் பேர்

இரு பொருள்களுக்கு இடையிலுள்ள ஈர்ப்பு விசை, அவற்றின் நிறைகளின் பெருக்கத்துக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பள்ளியில் படித்ததுதான். 1931இல் வில்லியம் ரைலி என்ற அமெரிக்கர், சிறு ஊர் மக்கள் பொருள் வாங்கப் பக்கத்துப் பெரிய ஊர்களில் எதற்குப் போகிறார்கள் என்று ஆராய்ந்து, கடைத்தெருக்களுக்கும் ஏறத்தாழ இதே விதி பொருந்துகிறது என்றார். ஊரின் பெருமைதான் நிறை. வழியின் நீளம்தான் தொலைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நம் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. யாரும் எண்ணிப் பார்த்தவை அல்ல. மயிலாப்பூரில் ஒருநாள் ஆயிரம் பேர் துணி வாங்கக் கிளம்புகிறார்கள். மூன்று இடங்கள் அவர்களை இழுக்கின்றன. லஸ் பக்கத்துக் கடைகள் 200, போக 10 நிமிடம். அடையாறு 400 கடைகள், 20 நிமிடம். தியாகராய நகர் 1,800 கடைகள், 30 நிமிடம். கடைகளின் எண்ணிக்கையை நிமிடங்களின் இருமடியால் வகுத்தால் இழுப்பு வலிமை கிடைக்கும். லஸுக்கு 200ஐ 100ஆல் வகுக்க 2. அடையாற்றுக்கு 400ஐ 400ஆல் வகுக்க 1. தியாகராய நகருக்கு 1,800ஐ 900ஆல் வகுக்க 2. மொத்தம் 5. ஆகவே ஆயிரம் பேரில் 400 பேர் லஸிலேயே வாங்குவார்கள். 200 பேர் அடையாறு போவார்கள். 400 பேர் தியாகராய நகருக்குப் போவார்கள்.

இப்போது ஒரு மேம்பாலம் கட்டுகிறோம், அல்லது பேருந்துகளைக் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தியாகராய நகருக்கு 30 நிமிடத்துக்குப் பதில் 20 நிமிடத்தில் போய்விடலாம். அதன் இழுப்பு 1,800ஐ 400ஆல் வகுக்க 4.5 ஆகிறது. மொத்தம் 7.5. இனி தியாகராய நகருக்கு 600 பேர், லஸுக்கு 267 பேர், அடையாற்றுக்கு 133 பேர். லஸ் கடைக்காரர் ஒரு பாவமும் செய்யவில்லை. அவர் கடை அங்கேயேதான் இருக்கிறது. வேறு எங்கோ ஒரு பாலம் கட்டியதில் அவருடைய வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒருவர் போய்விட்டார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இதற்கு வருவோம்.

மூன்று கடைத்தெருவுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போடலாம். நகரத்தை 200 வட்டாரங்களாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும் என்று 40,000 இணைகள் வருகின்றன. வேலைக்குப் போவது, பள்ளிக்குப் போவது, கடைக்குப் போவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 40,000. எழுதுகோலால் ஆகிற காரியம் அல்ல இது. ஆகவே இந்தத் துறை கணிப்பொறிக்காகக் காத்திருந்தது.

சிக்காகோவும் பிட்ஸ்பர்கும்

1955இல் சிக்காகோ நகரில் டக்ளஸ் கரோல் என்பவரின் தலைமையில் ஒரு பெரிய போக்குவரத்து ஆய்வு தொடங்கிற்று. வீடு வீடாகச் சென்று யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டார்கள். பயணங்களின் எண்ணிக்கை மலைபோல் குவிந்தது. அவற்றைப் படமாக்க ‘கார்ட்டோகிராஃபட்ரான்’ என்று ஒரு கருவி செய்தார்கள். ஒவ்வொரு பயணத்தையும் எதிர்மின் கதிர்க் குழாயின் திரையில் ஓர் ஒளிக்கோடாக வரைந்து, அத்தனை கோடுகளும் ஒரே படச்சுருளில் பதியும்படி செய்யும் கருவி அது. பயணம் மிகுந்த இடம் வெள்ளையாய்ச் சுடர்விடும். மற்ற இடம் இருண்டிருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அலைவடிவம் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்பில் உள்ளதும் இதே வகைக் குழாய்தான். ஒரு நகரத்தின் நாடியை அதில் பார்க்கலாம் என்று எனக்கு மாணவப் பருவத்தில் யாரும் சொல்லவில்லை.

1959இல் வால்டர் ஹேன்சன் ஒரு முக்கியமான படி எடுத்து வைத்தார். ஓரிடத்துக்கு எளிதில் போய்வர முடிந்தால் அங்கே வீடுகளும் கட்டடங்களும் பெருகும் என்பதை எண்களால் காட்டினார். அதாவது, நிலம் பயணத்தை உண்டாக்குகிறது என்பதோடு முடிவதில்லை. பயணமும் நிலத்தை மாற்றுகிறது.

1964இல் அயரா லௌரி பிட்ஸ்பர்க் நகருக்காக அமைத்த மாதிரிதான் இத்துறையின் மூலபாடம் எனலாம். அதன் தருக்கம் எளியது. அதனைச் சென்னைக்கு மாற்றிச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே விற்கும் பொருளைச் செய்கிற, ஊருக்கு வெளியிலிருந்து பணத்தைக் கொண்டுவருகிற தொழில்கள் சில உண்டு. துறைமுகம், பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்றவை. இவை எங்கே இருக்கின்றன என்பது மாதிரிக்கு வெளியிலிருந்து தரப்படும். அங்கே வேலை செய்பவர்கள் வேலையிடத்துக்குப் போய்வரத் தக்க தூரத்தில் ஈர்ப்பு விதிப்படி குடியேறுவார்கள். குடியேறியவர்களுக்கு மளிகைக்கடை வேண்டும், பள்ளி வேண்டும், மருத்துவர் வேண்டும். அவையும் ஈர்ப்பு விதிப்படி அமையும். மளிகைக்கடைக்காரருக்கும் ஆசிரியருக்கும் வீடு வேண்டும். அவர்கள் குடியேறினால் அவர்களுக்கும் மளிகைக்கடை வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் கூடுவது முந்தியதைவிடக் குறைந்துகொண்டே போகும். கடைசியில் எண்கள் அசையாமல் நிற்கும். நின்ற இடமே நகரம்.

சென்னை கேட்ட கேள்வி

சென்னையில் 1968 முதல் 1974 வரை ஒரு பெரிய போக்குவரத்து ஆய்வு நடந்தது. ‘மெட்ராஸ் ஏரியா டிரான்ஸ்போர்ட்டேஷன் ஸ்டடி’ என்பது அதன் பெயர். சிக்காகோவில் பிறந்து உலகெங்கும் பரவிய முறையின் சென்னைக் கிளை என்று அதைச் சொல்லலாம். அந்த ஆறாண்டுகளுக்குள்தான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் உருவாயிற்று. கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பட்ட ஆண்டு 1973. துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, விடைக்காக மறுநாள் போய் நிற்கும் காலம். ஓர் அட்டை இடம் மாறினால் எல்லாம் வீண்.

இவ்வகை ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் நான்கு படிகள் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்பும்? அவை எங்கெங்கே போகும்? (ஈர்ப்பு விதி இங்கேதான் வேலை செய்கிறது.) எத்தனை பேர் பேருந்தில், எத்தனை பேர் இரயிலில், எத்தனை பேர் மிதிவண்டியில்? கடைசியாக, எந்தெந்தத் தெரு வழியாக? நான்கையும் கணக்கிட்டால் இருபதாண்டு கழித்து எந்தச் சாலை திணறும் என்று சொல்லிவிடலாம். அக்காலத்து ஆய்வுகளிலிருந்து வளர்ந்த யோசனைதான் கடற்கரை நிலையத்திலிருந்து மயிலாப்பூர் லஸ் வரை விரைவு இரயில் என்பது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே தூண்களை ஊன்றிக்கொண்டு அந்த இரயில் 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும் வந்தது. வேளச்சேரியை எட்டியது 2007இல்.

1975இல் சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் திட்டம். குடியிருப்பு, வாணிபம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு வண்ணம். நகரத்தின் நெரிசலைக் குறைக்க மறைமலை நகர் போன்ற துணை நகரங்கள்.

அப்போதைய போக்குவரத்து மாதிரிகளின் வேரிலுள்ள ஒரு குறையை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் படியில் ஒவ்வொரு வட்டாரத்தின் நிலப்பயன்பாடும் வெளியிலிருந்து தரப்படுகிறது. இங்கே இத்தனை வீடு, அங்கே இத்தனை கடை என்று வரைபடத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாதிரி அதிலிருந்து பயணங்களைக் கணக்கிடும். அந்தப் பயணங்களுக்காகச் சாலை போடுவோம், பாலம் கட்டுவோம். அந்தச் சாலையும் பாலமும் நிலப்பயன்பாட்டை மாற்றுமே! அந்த மாற்றம் முதல் படிக்குத் திரும்பிப் போவதில்லை. ஹேன்சன் 1959இல் காட்டிய அம்பு, லௌரி 1964இல் சுழலவிட்ட சக்கரம், இரண்டும் நடைமுறை ஆய்வுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போயின. சென்னையில் மட்டுமல்ல, உலகின் மிகப் பல நகரங்களில் இதே கதைதான். காரணம் சோம்பல் அல்ல. சக்கரத்தைச் சுழலவிட அன்றிருந்த கணிப்பொறிகளுக்கு வலு போதாது. அதற்கு வேண்டிய புள்ளிவிவரங்களும் கிடைக்கவில்லை.

இனி மயிலாப்பூர் ஆயிரம் பேரிடம் திரும்புவோம். தியாகராய நகருக்கு 600 பேர் போகிறார்கள் என்று கண்டோம். வாடிக்கையாளர் பெருகினால் வாணிகர் சும்மா இருப்பார்களா? வீடுகள் கடைகளாகின்றன. கடைகள் 1,800இலிருந்து 2,400 ஆகின்றன. இழுப்பு 2,400ஐ 400ஆல் வகுக்க 6. இப்போது 667 பேர் அங்கே போகிறார்கள். லஸுக்கு 222 பேர்தான். கூட்டம் பெருகப் பெருகப் பாலமும் தெருவும் நிறைந்து, பயண நேரம் பழையபடி 30 நிமிடத்துக்கே வந்துவிடுகிறது. சரி, பழைய நிலைக்குத் திரும்பிவிட்டோம், 400 பேர்தான் போவார்கள் என்று நினைத்தால் அது தவறு. 2,400ஐ 900ஆல் வகுத்துப் பாருங்கள். ஆயிரத்தில் 471 பேர் இப்போதும் போகிறார்கள். நேரம் திரும்பியது, நகரம் திரும்பவில்லை.

இயற்பியல் மாணவர்களுக்கு இது பழகிய காட்சி. இரும்பைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை ஏற்றி, மீண்டும் சுழிக்குக் குறைத்தால் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிஞ்சிவிடும். காந்தத் தயக்கம் என்கிறோம். அந்தச் சோதனையைக் கரும்பலகையில் விளக்கும்போதெல்லாம் நான் இப்போது உஸ்மான் சாலையைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட எழுந்துவிடுகிறார்கள்.

தியாகராய நகரின் உண்மை வரலாறும் இந்தக் கணக்கின் வழியில்தான் போயிருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. நகரம் பிறந்து பத்தாண்டு ஆகுமுன்பே அதன் மேற்கு வாசலில் அந்த இரயில் ஆட்களை இறக்கத் தொடங்கிவிட்டது. பிறகு பேருந்து நிலையம் வந்தது. புறநகர் முழுவதற்கும் தியாகராய நகர் ஒரே வண்டியில் எட்டுகிற இடமாயிற்று. மாம்பலம் நிலையத்துக்கும் உஸ்மான் சாலைக்கும் நடுவில் இருந்ததால், ஒடுங்கிய ரங்கநாதன் தெரு அத்தனை பேரும் நடந்தாக வேண்டிய குழாய் ஆனது. இதைச் செய்தவர் ஒருவரல்லர். ஒவ்வொரு கடைக்காரரும் தம் லாபத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரும் தம் நேரத்தைப் பார்த்தார். சட்டப் புத்தகம் ஒருபுறம் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருக்க, மறுபுறம் மாடிகள் ஏறின. 2011 அக்டோபர் கடைசியில் விதிகளை மீறியவை என்று தியாகராய நகரில் பல பெரிய வாணிபக் கட்டடங்களுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். வரைபடத்தில் பூசிய வண்ணம் ஒரு கட்டளைதான். ஈர்ப்பு கட்டளைக்குக் கட்டுப்படுவதில்லை. கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் அதனோடு பேசவே முடியும். விதி மீறியவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. இழுப்பைக் கூட்டிக்கொண்டே போய்விட்டு, இழுக்கப்பட்டவர்களிடம் மட்டும் கோபப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

வாயுவும் மக்களும்

இந்த ஈர்ப்பு விதியை ஒரு சந்தேகம் நெடுநாள் துரத்தியது. மனிதர்கள் கோள்களா? இருமடி என்று யார் சொன்னது? உண்மையில் அடுக்கு எண் ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறுகிறது. நகைக்கடைக்குத் தொலைவு பெரிதில்லை, கறிவேப்பிலைக்குத் தெருமுனைதான். 1967இல் ஆலன் வில்சன் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். அவர் முன்பு இங்கிலாந்தின் ரதர்ஃபோர்ட் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரு குடுவையிலுள்ள வாயு மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் மொத்த ஆற்றல் தெரிந்தால் அவை எப்படிப் பரவியிருக்கும் என்று போல்ட்ஸ்மன் வழியில் சொல்லிவிடலாம். அதேபோல் ஒவ்வொரு மனிதரும் ஏன் எங்கே போகிறார் என்று தெரியவேண்டாம். வட்டாரங்களிலிருந்து கிளம்புவோர், வந்து சேர்வோர், பயணத்துக்கு ஆகும் மொத்தச் செலவு ஆகியவை தெரிந்தால் போதும். மிக அதிக வழிகளில் நிகழக்கூடிய பரவல் எதுவோ அதுவே நடக்கும். இந்தக் கணக்கைச் செய்தால் ஈர்ப்பு விதிக்கு மிக நெருங்கிய ஒரு சமன்பாடு தானாகவே வந்து விழுகிறது. நியூட்டன் போய் போல்ட்ஸ்மன் வந்தார். எங்கள் வீட்டை விட்டு அது போகவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால் 1973இல் டக்ளஸ் லீ என்ற அமெரிக்கர் இந்தப் பெரிய மாதிரிகளுக்கெல்லாம் இரங்கற்பா பாடுவதுபோல் ஒரு கட்டுரை எழுதி, ஏழு பாவங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது நம்மைத் தொடுவதால். மாதிரிகளுக்குத் தீராத பசி என்றார் அவர். புள்ளிவிவரப் பசி. 1971இல் ஏறக்குறைய 35 லட்சம் மக்கள் வாழ்ந்த சென்னைப் பெருநகரில் 2001இல் 70 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஐ இலக்காகக் கொண்டது. அதைச் சரிபார்க்கவும் அடுத்த திட்டத்தைத் தீட்டவும் 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுக்கப்படவில்லை. 2011இன் எண்களை நீட்டி நீட்டித்தான் எல்லாரும் வேலை செய்ய நேர்ந்தது. கணிப்பொறி வேகமாகிவிட்டது; அதற்குப் போடும் தீனி பழையதாகவே இருக்கிறது.

கட்டத்தில் இல்லாத ஏரி

இதுவரை சொன்னதில் ஏரி எங்கே போயிற்று? அதுதான் விஷயம். போக்குவரத்து மாதிரிகளில் வட்டாரம் என்றால் மக்கள், வேலை, கடை, சாலை. நீருக்குக் கட்டமே கிடையாது. பயணக் கணக்குக்கு அது வேண்டியதில்லை என்பதால் யாரும் வைக்கவில்லை. கட்டத்தில் இல்லாதது கணக்கில் சுழி. கணக்கில் சுழியானது, பிறகு பேச்சிலும் சுழி.

1990களில் கீத் கிளார்க் என்பவர் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்காக வேறு வகையான மாதிரி ஒன்றை உருவாக்கினார். நகரத்தைச் சதுரங்கப் பலகைபோல் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பார்த்து ‘நானும் நகரம் ஆகட்டுமா’ என்று முடிவு செய்யும் முறை. சாலை பக்கத்தில் இருந்தால் வாய்ப்பு அதிகம். சரிவு அதிகமானால் குறைவு. செயற்கைக்கோள் படங்களிலிருந்து பழைய வளர்ச்சியைக் கற்றுக்கொண்டு வருங்காலத்தை வரையும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் இந்த மாதிரியைச் சென்னைக்கும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இதில் நீருக்கு இடம் உண்டு. ஆனால் இருக்கும் விதத்தைப் பாருங்கள். கட்ட முடியாத இடங்களுக்கென்று ஒரு தனி அடுக்கு வைத்து, ஏரிகளையும் கடலையும் வழக்கமாக அதில் போடுவார்கள். அந்தக் கட்டங்கள் ஒருநாளும் நகரமாகா. கலிஃபோர்னியாவுக்கு இது பொருந்தலாம். 1920ஆம் ஆண்டுச் சென்னையை இந்த மாதிரியில் இப்படி இட்டு ஓட்டினால், தியாகராய நகர் இன்றுவரை தண்ணீராகவே இருக்கும்!

நீர் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து கொடுத்தது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செண்டிமீட்டரும், தாம்பரத்தில் 49 செண்டிமீட்டரும் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இருகரையிலும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. பலர் உயிரிழந்தார்கள். 2021 நவம்பரில் தியாகராய நகரே நின்ற நீரில் நாள்கணக்கில் கிடந்தது. வள்ளுவர் கோட்டத்துப் பக்கமிருந்து தியாகராய நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாயைப் பற்றி அப்போதுதான் எல்லாரும் பேசினார்கள். அது போகும் தடத்தை லேக் வியூ ரோடு, டேங்க் பண்ட் ரோடு பெயர்களோடு சேர்த்துப் படத்தில் பாருங்கள். நீர் எங்கிருந்து எங்கே போக விரும்புகிறது என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

2015க்குப் பிறகு பம்பாய் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்கள் சேர்ந்து சென்னைக்கென வெள்ள எச்சரிக்கை மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். 2019இல் அது பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தில் இயங்கத் தொடங்கிற்று. மழை எவ்வளவு, ஆறு எவ்வளவு, கடலின் ஏற்றம் எவ்வளவு என்று கொடுத்தால், எந்த வட்டாரத்தில் எவ்வளவு ஆழம் நீர் நிற்கும் என்று சொல்லும். அதில் நிலப்பயன்பாடும் ஓர் உள்ளீடு. தார் போட்ட நிலம் நீரை உறிஞ்சாது, தோட்டம் உறிஞ்சும். ஆக, நகரத்தின் நீரைக் கணக்கிட ஒரு மாதிரி இருக்கிறது. மக்களைக் கணக்கிட வேறு மாதிரிகள் இருக்கின்றன. ஒரு மேம்பாலம் கட்டினால் எத்தனை தோட்டம் கடையாகும், அதனால் கால்வாயில் எவ்வளவு நீர் கூடும் என்று இரண்டையும் ஒரே கணக்கில் ஓட்டிப் பார்ப்பதற்கு அறிவியலில் தடை ஏதுமில்லை. வேண்டிய சமன்பாடுகள் எல்லாம் கல்லூரி மாணவர் புரிந்துகொள்ளக் கூடியவைதான்.

2023 மே மாதம் மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஏறத்தாழ 570 மீட்டர் நீள ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டது. சென்ற ஆண்டு என் மாணவர்கள் சிலர் ஒரு சனிக்கிழமை மாலை அதன் இரு முனைகளிலும் நின்று ஆட்களை எண்ணினார்கள். எண்ணிக்கையைவிட அவர்கள் குறித்துவந்த ஒரு செய்தி எனக்குச் சுவையாக இருந்தது. பாலம் வந்தபின் ரங்கநாதன் தெரு காலியாகிவிடும் என்று நினைத்திருந்தார்கள். தெருவில் வழக்கம்போல் தோள் இடித்துக்கொண்டுதான் நடந்தார்களாம்.

2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடம் ஒன்று. கச்சேரி சாலை, திருமயிலை வழியாகச் சென்று, பனகல் பூங்காவின் அடியில், ஒரு காலத்தில் ஏரியிருந்த பக்கமாகவே, சுரங்கத்தில் போகிறது. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு அது எத்தனை நிமிடம் எடுக்கும் என்பது ஓடத் தொடங்கியபின் தெரியும். 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, 2,400 கடைகளை 225ஆல் வகுத்து, நம் ஆயிரம் பேரில் லஸில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று வாசகர்கள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு 146 வருகிறது.